வினைமுதலும் கருவியும்

மக்கள் செய்யும் வினைகளுக்கு முதல்வர் யாவர் என்னும் வினா மெய்ந்நூலார் அவையில் மட்டும் எழுவதொன்றன்று. தந்தை மகனைக் கடியும்போதும், நடுவர் குற்றஞ்செய்தானை ஒறுக்கும்போதும், மருத்துவர் பித்துற்றானைக் கட்டிலிற் கிடத்தும்போதும், மனையாள் கணவன் செய்த கடனை எண்ணிக் கண்ணீர் உகுக்கும்போதும் அவ்வினா எழாதிருப்பதில்லை. இதனைச் செய்தவன் இவனோ, இவனைப் பற்றிய நோயோ என்று நெஞ்சம் ஐயுறுகின்றது. இக்காலத்து உடல்நூலார் மூளையின் நுண்ணிய வழிகளைத் துருவிக் கண்டவை இவ்வையத்தைப் பின்னும் பெருக்கின. நினைவும் விருப்பும் அச்சமும் மகிழ்வும் ஒரு நரம்பணுவின் நுனியினின்று மற்றொன்றின்பாற் சொரியப்படும் சில நுண்பொருள்களைப் பற்றியே நிகழ்வனவென அவர் காட்டுவராயின், செய்வானென்று ஒருவனை வேறு வைத்துப் பேசுதல் யாங்ஙனம் அமையும் என்பார் பலர். ஆகலின், அவர் கண்டது இது, அதனாற் பெறப்படுவது இது, பெறப்படாதது இது என மூன்றாகப் பகுத்துக் காண்டல் நம்மனோர்க்குக் கடனாம்.

முதற்கண் அவர் கண்டதனைக் கூறுவாம்.

மூளையும் நரம்பும் இடையறவில்லாத ஒரே வலையென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் பலர் கருதினர். இத்தாலி நாட்டுக் கமில்லோ கால்ஜி என்பார் வெள்ளியுப்பினால் நரம்பணுக்களைக் கருநிறமூட்டிக் காணும் முறையொன்றை 1873இல் வெளியிட்டார். அம்முறையையே கைக்கொண்டு ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் என்பார் 1888 முதல் ஆராய்ந்து, ஒவ்வோர் அணுவும் தனித்தனி நிற்பது, ஒன்று மற்றொன்றை அணுகுவதன்றி ஒன்றுபடுவதில்லை என்று நாட்டினார். 1906இல் இருவர்க்கும் நோபெல் பரிசில் ஒருங்கே வழங்கப்பெற்றது. ஆயினும் கால்ஜியார் அப்பரிசில் பெற்றபோது ஆற்றிய உரையிலும் வலைக் கொள்கையையே வற்புறுத்தினார். கண்ட கருவி ஒன்று, கண்ட பொருள் ஒன்று, கொண்ட கருத்தோ இரண்டு. கருவி காட்டுவதும் அறிவு கொள்வதும் வேறென்பதற்கு ஈதொரு சான்றாதலின் இதனை ஈண்டுக் குறித்து வைப்பாம்.

அணுவும் அணுவும் அணுகும் இவ்விடத்திற்கு 1897இல் இங்கிலாந்து நாட்டுச் செரிங்டன் என்பார் சினாப்ஸ் என்று பெயரிட்டனர். யாம் அதனை இணைவாய் என வழங்குவாம். ஆண்டுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறளவிற்று. சிறிதே ஆயினும் வெளி வெளியே. அதனைச் செய்தி கடப்பது மின்னாலோ பொருளாலோ என்பது பற்றி நெடுநாள் வழக்கிருந்தது.

ஆஸ்திரியா நாட்டுக் கிராஸ் நகரத்து ஆசிரியராகிய ஆட்டோ லோவி என்பார், ஓரிரவு கனவில் ஒரு சோதனைமுறை தோன்ற, விழித்துத் துண்டுத்தாளில் எழுதிவைத்து மீண்டும் உறங்கினார். விடிந்தபின் தாம் எழுதியது தமக்கே படிக்கலாகவில்லை. மறுநாளிரவு அது மீண்டும் தோன்ற, உடனே எழுந்து ஆய்வுக்கூடஞ் சென்றார் என்று அவரே பிற்காலத்துச் சொல்லியுள்ளார். 1921இல் வெளிவந்த அச்சோதனை வருமாறு: இரண்டு தவளைகளின் நெஞ்சப்பைகளை எடுத்து உப்புநீரில் துடிக்கவிட்டார். ஒன்றில் நரம்பு இருந்தது. மற்றொன்றில் நரம்பு களையப்பட்டது. முதலதன் நரம்பைத் தூண்ட, அதன் துடிப்பு மெல்லிதாயிற்று. அஃது இருந்த நீரை எடுத்து இரண்டாவதன்மேல் வார்க்க, நரம்பே இல்லாத அதுவும் அவ்வாறே மெல்லிதாயிற்று. நரம்பின் நுனியினின்று நீரில் இறங்கிய ஏதோவொரு பொருளே செய்தியைக் கொணர்ந்தது என்பது ஐயமறத் துணியப்பட்டது. அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மின்னே நேராகக் கடக்கும் இணைவாய்களும் சில உள. மூளையில் பெரும்பாலன பொருள்வழிச் செல்வனவே.

இனி, அப்பொருள் எங்ஙனம் சொரிகின்றது? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த பெர்னார்டு காட்ஸ் என்பார், தவளையின் தசையும் நரம்பும் கூடுமிடத்தை ஆராய்வுழி ஒரு புதுமை கண்டார். நரம்பு வாளா கிடக்கும்போதும் தசையில் அரை மில்லிவோல்ட்டு அளவினவாகிய சிறு மின்துடிப்புக்கள் இடையிடையே தோன்றின. இதனைப் பால் ஃபாட் என்பாரோடு 1952இல் விளக்கி எழுதினார். பின்னர் டெல் காஸ்டில்லோ என்பாருடன் 1954இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கால்சியத்தைக் குறைத்து நரம்பைத் தூண்டினால் தசையில் எழும் துடிப்பு அச்சிறு துடிப்பின் ஒரு மடங்கோ, இரு மடங்கோ, மும்மடங்கோ ஆகுமன்றி இடைப்பட்ட அளவினதாகாது என்பதும், சிலபோது யாதும் எழாதென்பதும் காட்டப்பட்டன. நெல் அளப்பான் கைப்பிடி கைப்பிடியாக அள்ளாது படி படியாக அளந்து கொட்டுதல் போல, நரம்பும் தன் பொருளைப் பொதி பொதியாகவே வழங்குகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. அக்காலத்தையொட்டியே மின்னணு நுண்காட்டியில், நரம்பு நுனிகளுள் உருண்டையான நுண்பைகள் நெருங்கிக் கிடத்தலும் காணப்பட்டது. ஒவ்வொரு நுண்பையுள்ளும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் அடங்கியுள்ளன.

அந்நுண்பை திறக்கும் முறையும் இப்பொழுது பெரிதும் விளங்கியுள்ளது. நரம்பணுவின் புறத்தே உள்ள கால்சியம் அகத்தே உள்ளதனினும் பதினாயிரம் மடங்கு மிக்கது. மின்னெழுச்சி நுனியை எய்தியவுடன் ஆண்டுள்ள வாயில்கள் திறக்க, கால்சியம் உள்ளே பாயும். நுண்பையின்மீது சினாப்டோபிரெவின் என்னும் புரதமும், நுனியின் உட்சுவரில் சின்டாக்சின், ஸ்நாப்-25 என்னும் புரதங்களும் இருக்கின்றன. இவை கயிற்றின் புரிகள் போலத் தம்முள் முறுக்கிக்கொண்டு நுண்பையைச் சுவரோடு இறுக இழுத்து நிறுத்தும். கால்சியம் வந்ததனை உணரும் காவலாளி சினாப்டோடேக்மின் என்னும் மற்றொரு புரதம். அது கால்சியத்தைப் பற்றிய அளவில் நுண்பை சுவரோடு கலந்து வாய்திறந்து தன்னுள் இருந்ததை வெளியே சொரியும். இவையெல்லாம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றினும் குறைந்த காலத்தில் முடியும். சொரிந்த பொருள் எதிர்ச்சுவரில் உள்ள ஏற்பிகளைப் பற்றித் தன் தொழிலைச் செய்தபின், சிதைக்கப்பட்டோ மீண்டும் உறிஞ்சப்பட்டோ ஒழியும். வெறுமையாகிய நுண்பையும் உள்ளே மீட்கப்பட்டு மறுபடி நிரப்பப்படும். நுண்பைகள் செல்லும் நெறியை விளக்கியமைக்காக ராத்மன், ஷெக்மன், சூடாஃப் என்னும் மூவர் 2013இல் நோபெல் பரிசில் பெற்றனர்.

இவ்விடத்தில் இரண்டு நஞ்சுகளைப் பற்றிக் கூறுதல் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும். புண்வழி நுழையும் ரணசன்னிக் கிருமியின் நஞ்சு ஒன்று. கெட்டுப்போன அடைத்த உணவில் விளையும் பாட்டுலினம் என்னும் கிருமியின் நஞ்சு மற்றொன்று. ரணசன்னி நஞ்சும் பாட்டுலின நஞ்சின் ஒரு வகையும், மேலே கூறிய சினாப்டோபிரெவினை ஒரே இடத்தில், ஒரே பிணைப்பில் அறுக்கின்றன என்று 1992இல் அறியப்பட்டது. ஆயின் நோயோ ஒன்றுக்கொன்று முற்றும் மாறானது. பாட்டுலினம் தசையை அடுத்த நரம்பு நுனியிலேயே நின்று அசிட்டைல்கோலினை அடைத்துவிடுதலின் உடல் துவண்டு சோர்கின்றது. ரணசன்னி நஞ்சோ நரம்பின் வழியே மேலேறித் தண்டுவடத்தை அடைந்து, தசைகளை அடக்கி நிற்கும் நரம்பணுக்களின் வாயை அடைத்துவிடுகின்றது. அடக்குவார் இன்மையின் தசைகள் விறைத்து, தாடை பூட்டி, முதுகு வில்லென வளைகின்றது. வெட்டு ஒன்று, வெட்டப்பட்ட பொருள் ஒன்று, விளைவு இரண்டு. பொருளின் இயல்பு மட்டும் விளைவை வரையறுப்பதில்லை, அப்பொருள் எவ்விடத்து எத்தொடர்பில் நிற்கின்றது என்பதும் வரையறுக்கும் என்பதை இது நன்கு காட்டுகின்றது. அன்றியும், நஞ்சாகிய அதே பாட்டுலினத்தை மிகச் சிறிய அளவில் மாறுகண்ணுக்கும் இமை இசிவுக்கும் மருந்தாக இட 1989இல் அமெரிக்க நாட்டு அரசு இசைவளித்தது. நன்மையும் தீமையும் பொருளுக்குள்ளேயே ஒட்டிக்கிடப்பன அல்ல.

இத்துணையும் கண்டது. இனி இதனின்று பிறர் பெறுவிக்க முயலும் முடிபுகளை ஆராய்வாம். அவை மூன்று.

முதலாவது, இணைவாயிற் சொரியும் பொருளே மனம், அதற்கு வேறாகச் செய்வானென்று ஒருவன் இல்லை என்பது. இவர் காட்டும் ஏது யாதோவெனின், அப்பொருள் குன்றினால் மனத்தொழில் குன்றும், மீண்டால் மீளும் என்பதே. இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. நம் நாட்டு மருத்துவர் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் வழங்கிவந்த சர்ப்பகந்தா என்னும் வேரின் பயனைக் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் 1931இல் இக்கால மருத்துவ உலகிற்கு எழுதி அறிவித்தனர். அவ்வேரினின்று 1952இல் ரெசர்பின் என்னும் சத்துப் பிரிக்கப்பட்டது. அது, டோபமின் முதலிய பொருள்கள் நுண்பைகளுள் நிரப்பப்படுதலைத் தடுப்பது. ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் என்பார் 1957இல் அதனை முயல்களுக்குக் கொடுக்க, அவை காது சாய்ந்து அசைவற்றுக் கிடந்தன. டோபமினாக மாறவல்ல லெவோடோபா என்னும் பொருளைச் செலுத்தச் சிறிது நேரத்தில் எழுந்து உலாவின. இது வழியாகவே நடுக்குவாதமாகிய பார்க்கின்சன் நோயுடையார்க்கு மருந்து கிடைத்தது.

இவ்வேது அவர் கருதிய முடிபைத் தாராது. என்னையெனின், ஒன்று கெட மற்றொன்று கெடுதல் இரண்டற்கும் உள்ள சார்பைக் காட்டுமன்றி, இரண்டும் ஒன்றென்பதைக் காட்டாது. விளக்கு அவிய எழுத்துத் தோன்றாதொழியும். அதனால் விளக்கே படிப்பவன் ஆகான்.

அற்றேல், படிப்பவனை விளக்கின் வேறாகக் காண்கின்றோம், உயிரை மூளையின் வேறாக எவர் கண்டார் எனின், அவ்வினா நேரியதே. விளக்குவமை, எதிர்வாதியின் ஏது போதாதென்று காட்டுமளவே வலியுடையது. உயிருண்மையை அதுவே நிறுவிவிடாது. அதனை நிறுவ வேறு நெறியிற் செல்லல் வேண்டும். உடல்நூலார் எத்துணை நுணுகி அளப்பினும், அளக்கப்படுவன பொதிகளும் மின்துடிப்புக்களும் ஏற்பிகளுமே. ஈகைக்கு நீளும் கையிலும் களவுக்கு நீளும் கையிலும் தசையை இயக்குவது அசிட்டைல்கோலினே. ஒரு பொருளில் இன்றேனும் மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களின் அமைப்பில் அவ்வேற்றுமை உண்டு என்பராயின், அவ்வமைப்பு முழுவதும் காணப்பட்டதெனவே கொள்வாம். அப்பொழுதும் அது காணப்படும் பொருள். அஃது எவனுக்கு வலியாகவும் இன்பமாகவும் நாணமாகவும் தோன்றுகின்றதோ அவன் அவ்வட்டவணையில் ஒரு வரியாக வாரான். காட்சிப்பொருள்களை எண்ணிக்கொண்டே சென்றால் காண்பானை எண்ணி முடித்தல் கூடாது. சிவஞான போதத்தின் மூன்றாஞ் சூத்திரம் உடம்பின் வேறாய் உயிருண்டென்று நாட்டுதலும், நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணங்களை உயிரல்ல என விலக்குதலும் இந்நெறி பற்றியனவே. இன்னும், கருவிகளோடு கூடினாலன்றி உயிர் அறியாது என்பது நம் கொள்கை. உயிர் தானே எல்லாவற்றையும் அறியவல்லது என்பார்க்கு, ஒரு புரதம் அறுந்த அளவில் அறிவு மயங்குதல் இடர்ப்பாடாகும். கருவியின் துணையை இன்றியமையாததெனக் கொண்ட நமக்கு, அக்கருவி இத்துணை நுண்ணிதென அறிவிக்கப்படுதல் அச்சந் தருவதன்று.

இரண்டாவது முடிபு, முதலதற்கு மறுதலையாயது. நம் பக்கத்தார்போலத் தோன்றுவார் சிலர் கூறுவது. மூளையின் பல இணைவாய்களில் மின்னெழுச்சி வந்தும் ஒரு நுண்பையும் திறவாதொழிதல் பலகால் நிகழ்கின்றது. இன்ன எழுச்சிக்குத் திறக்கும், இன்னதற்குத் திறவாது என்று முன்னரே அறுதியிட்டுச் சொல்லுதல் கூடாது. இத்தனைக்கு இத்தனை என வாய்ப்பளவே சொல்லலாம். இதனைக் கேட்டார் சிலர், ஈண்டன்றோ உயிரின் விருப்புரிமை நுழைகின்றது என்று மகிழ்வர். அம்மகிழ்ச்சி ஏலாது. பகடை உருண்டு விழுதல் எவருடைய விருப்பத்தின்பாற்பட்டதும் அன்று. கை தானே நடுங்கி ஒருவன் பாத்திரத்தை உடைப்பின் அதனை அவன் செய்தான் எனக் கூறோம். திட்டமிட்டவாறே நிகழ்வது அடிமையாயின், திட்டமின்றி நிகழ்வது உரிமையாகிவிடாது. உரிமையாவது, ஒருவன் நன்றென்றும் தீதென்றும் அறிந்து, அவ்வறிவு காரணமாகச் செய்தலும் ஒழிதலும். அதனை நுண்பையின் தற்செயலில் தேடுவார், வீட்டில் இழந்ததை வீதியில் தேடுவாரோடு ஒப்பர்.

மூன்றாவது, இணைவாய்களை நம் முன்னோர் முன்னரே அறிந்து நாடி என்றும் வாயு என்றும் கூறிப்போந்தனர் என்பது. இதுவும் கொள்ளத்தக்கதன்று. அவர் ஆராய்ந்தது அறிவான் யாவன், கட்டாவது யாது, வீடாவது யாது என்பதனை. தவளைத் தசையில் அரை மில்லிவோல்ட்டை அளந்தவர் காட்ஸ் முதலியோரே. பிறர் உழைத்துப் பெற்ற பொருளைத் தம் முன்னோர் தேட்டெனக் கொள்ளுதல் முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகாது.

முடிபுகள் மூன்றும் விலக்கப்படவே, தொடக்கத்து எழுந்த வினாவே எஞ்சி நிற்கின்றது. செய்வான் உளன், அவன் கருவிவழியே செய்கின்றான், கருவி திரிந்தவிடத்துக் குற்றம் யாருடையது? இதனை ஒரு மெய்ந்நிகழ்வு கொண்டு ஆராய்வாம்.

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபாவேயன்றி, டோபமினைப்போல ஏற்பிகளைத் தூண்டும் வேறுசில மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. அவற்றை உண்பார் சிலர்க்குச் சூதாட்டத்திலும், வேண்டாப் பொருள்களை வாங்கிக் குவித்தலிலும், அளவிறந்த காமத்திலும், உண்டியிலும் அடங்காவேட்கை எழுதல் காணப்பட்டது. அமெரிக்க, கனடா நாடுகளில் 3,090 நோயாளரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, அம்மருந்துண்டாருள் நூற்றுக்கு 17 பேர்க்கும், உண்ணாதாருள் நூற்றுக்கு 7 பேர்க்கும் இத்தகைய வேட்கை இருந்தது. மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ பலர்க்கு வேட்கை தணிந்தது. அறுபதாண்டு சீட்டைத் தொடாதிருந்தான் ஒருவன், மருந்துண்ட ஓராண்டில் மனையை ஈடுவைத்துச் சூதாடினான் என்று வைத்துக்கொள்வோம். அவன் குற்றவாளியோ, அல்லனோ?

அல்லன், மருந்தே குற்றவாளி என்று விடுதல் எளிது. ஆயின் அங்ஙனம் விட்டால் ஒரு கேள்வி உடன் எழும். மருந்தேயுண்ணாது, பிறப்பிலேயே அவ்வேட்கை மிக்க கருவியோடு பிறந்தானுக்கு யாது சொல்வது? அவன் இணைவாய்களையும் அவன் தேர்ந்து கொள்ளவில்லை. முன்னவனுடைய காரணம் மருந்துச்சீட்டில் எழுதப்பட்டுக் கண்ணுக்குத் தெரிகின்றது, பின்னவனுடையது தெரியவில்லை. இவ்வளவே வேற்றுமை. தெரிந்த காரணத்துக்கு இரங்கித் தெரியாத காரணத்துக்குச் சினத்தல் நடுநிலையாகாது. மற்று, இருவரும் குற்றமிலர், காரணமின்றி எச்செயலும் நிகழாமையின் உலகில் ஒருவரும் குற்றவாளியல்லர் என்றால், அறிவுரைக்கும் நாணத்துக்கும் வருந்தித் திருந்துதற்கும் இடமில்லையாகும். நோயாளனையே கேட்டால், என்னை மரப்பாவையென்று இகழாதீர் என்றே அவனும் சொல்வான்.

எமக்குத் தோன்றுவது இது. வேட்கை எழுதல் வேறு, அதன்வழிப் போதல் வேறு, போனபின் செய்வது வேறு. எழுதற்கு இருவரும் பொறுப்பாளரல்லர். அதன்வழிப் போதற்குப் பொறுப்பு, எதிர்த்து நிற்க அவர்பால் எஞ்சியிருந்த வலியின் அளவிற்று. அவ்வலி எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதைப் புறத்தே நிற்கும் எவரும் நிறுக்கமாட்டார். மருந்துண்டார் நூற்றுவருள் எண்பத்துமூவர் அவ்வேட்கையிற் படவில்லையே என்று எஞ்சியவரைப் பழித்தலும் கூடாது. அவ்வெண்பத்துமூவர்க்கு அது எழாதேயிருந்திருக்கலாம், எழாததை வெல்லுதல் வெற்றியன்று. ஆனால் போனபின் செய்வதற்குப் பொறுப்புத் தெளிவாக உண்டு. இம்மருந்து இவ்வேட்கையைத் தரும் என மருத்துவர் முன்னரே எச்சரித்தல் கடன். அறிந்த அன்றே நோயாளன் தன் நிலையை நாணாது மருத்துவரிடமும் மனையாளிடமும் உரைத்தலும், பணப்பெட்டியின் திறவுகோலைப் பிறர் கையில் ஒப்பித்தலும் கடன். அறிந்தும் மறைத்தானாயின் அம்மறைப்பு அவனுடையதே. அதனை டோபமின்மேல் ஏற்றுதல் கூடாது.

அன்றியும், குற்றமில்லை என்பதனால் கடன் இல்லையாகாது. மனை ஈடுபோனது போனதே. மனையாள் கழுத்து வெறுமையானது வெறுமையானதே. அதற்கு ஈடுசெய்தலும், மேலும் நிகழாவாறு தடுத்தலும் வேண்டும். தடுத்தற்கும் ஈட்டிற்கும் வெறுப்புத் துணையாக வேண்டுவதில்லை. அறுவை செய்யும் மருத்துவன் புண்ணைச் சினந்து அறுப்பதில்லை. செயலைத் தடுக்க நமக்கு உரிமையுண்டு. செய்தானை முற்ற நிறுத்து இவன் இத்தகையன் என முடிவுகட்ட அளவுகோல் நம் கையில் இல்லை.

இத்துணையும் பிறரைப் பற்றியது. ஒருவன் தன்னைப் பற்றி இங்ஙனமே இரக்கங்கொண்டு, என் இணைவாய்கள் இவ்வாறு அமைந்தன, யான் என் செய்வேன் என்று இருந்துவிடலாமோ? ஆகாது. அதற்குக் காரணத்தையும் உடல்நூலாரே தந்துள்ளனர். எரிக் கேண்டல் என்பார் கடல்முயல் எனப்படும் சிற்றுயிரை ஆராய்ந்து 2000இல் நோபெல் பரிசில் பெற்றார். அவ்வுயிரை மெல்லத் தொடின் தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தீங்கின்றிப் பலகாற் தொட்டால், உணர்த்தும் நரம்பின் நுனி வரவரக் குறைந்த பொருளையே சொரிய, இழுத்தலும் குறையும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி தந்தால், பின்னர் அந்நுனி முன்னினும் மிகுதியாகச் சொரிய, சிறு தொடுகைக்கும் கடிதின் இழுக்கும். பயிற்சி பன்னாள் தொடர்ந்தால் இணைவாய்களின் தொகையே மாறும். கடல்முயல் மகனாகாது என்பது மெய்யே; ஆயினும் பழகப் பழக இணைவாய் மாறுதல் உயர்ந்த உயிர்களின் மூளையிலும் கண்டறியப்பட்டதே.

இதனால் அறியப்படுவது யாது? கருவி, கொல்லன் அடித்துத் தந்த வாளைப்போல ஒருமுறை செய்து முடிந்ததொன்றன்று. செய்யும் செயலே அதனை மேலும் மேலும் வடிக்கின்றது. நேற்றுச் சினந்தவன் இன்று சினத்தற்கு எளிய கருவியைத் தனக்குத் தானே செய்துகொண்டான். நேற்றுப் பொறுத்தவன் இன்று பொறுத்தற்குச் சிறிது வழி வெட்டிவைத்தான். எனவே, இன்றைய செயலில் ஒருவனுக்குள்ள உரிமை மிகச் சிறிதாயினும், நாளைக்கு வேண்டிய கருவியை இன்று சமைத்தலில் உள்ள உரிமை அத்துணைச் சிறிதன்று. தக்கார் சேர்க்கையும், நல்லுரை கேட்டலும், நாள்தோறும் தவறாத பயிற்சியும் வேண்டுமென்று பெரியோர் வற்புறுத்தியதன் பயன் இவ்விடத்து விளங்கும். இயலாதவிடத்து மருந்துண்ணலும் அப்பயிற்சிக்கு மாறானதன்று. கண் மங்கினான் கண்ணாடி அணிந்து படித்தல் போல, அதுவும் கருவியைத் திருத்தும் நெறியே.

இக்கொள்கையை வீட்டிற் கொண்டு செலுத்திப் பார்ப்போம். நெஞ்சு தளர்ந்து படுக்கையினின்று எழாத இளைஞனை மடியன் என்று வைகின்றோம். கால் முறிந்தவனை நடவாய் என்று வைவதில்லை. நரம்பின் நுனி கண்ணுக்குப் புலனாகாமை ஒன்றே இவ்வேற்றுமைக்குக் காரணம். மனநோய்க்கு மருந்துண்பானைப் பிறர் அறியாவாறு ஒளிக்கின்றோம். நீரிழிவுக்கு மருந்துண்பானை ஒளிப்பதில்லை. இவ்வொளிப்பினால் மருந்து தவறி உயிரே இழந்தாரும் உளர். அவர் வினை அது என்று சொல்லி வாளா இருப்பாரை யாம் ஒன்று வினவுவாம். நோய் வந்தது வினையானால், மருத்துவன் அணித்தே இருப்பதும், மருந்து கடையில் இருப்பதும், அதனை வாங்கிவர உமக்குக் காலிருப்பதும் வினையின் வெளியே நிற்பனவோ? வினையென்று சொல்லும் சொல்லைக் கைகட்டி நிற்றற்கு ஏதுவாக்குவார், அச்சொல்லை அறிந்தவரல்லர்.

ஆகவே, பிறர் செயலை ஆராயுங்கால் கருவியை முன்னே நோக்குக. தன் செயலை ஆராயுங்கால் வினைமுதலை முன்னே நோக்குக. இம்முறையை மாற்றி, பிறரிடத்து வினைமுதலையும் தன்னிடத்துக் கருவியையும் நோக்குவது உலகத்து இயல்பாயிருக்கின்றது. தனக்குத் தண்ணளியும் பிறர்க்கு வன்கண்மையும் அதனால் விளைகின்றன. இருபது கோடிக் கூறு நுணுக்கினும் காணலாகாத ஒன்றை உடல்நூலார் காட்டவில்லை என்று வருந்தவேண்டா. அவர் காட்டியது கருவியின் நொய்ம்மையை. அதனை அறிந்தும் துவண்டு கிடப்பானை ஒருவன் கடுஞ்சொற் கூறுவானாயின், அக்கடுஞ்சொல்லுக்கு எந்த இணைவாயையும் அவன் சான்று காட்டல் இயலாது.